கழித்தால் என்ன மிஞ்சும்?
வணிகப் பெயர்களும் வரலாற்றின் கொடியவர்களும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நவி மும்பையின் கார்கர் பகுதியில் ஓர் உணவகம் திறந்தார்கள். வாசலில் ஹிட்லரின் பெரிய படம். கூடவே நாஜிக் கட்சியின் ஸ்வஸ்திகம். பெயர் ‘ஹிட்லர்ஸ் கிராஸ்’. இந்தியாவில் இன்று வாழும் யூதர்கள் மொத்தமே ஐயாயிரம் பேர் அளவில்தான். அவர்களில் பெரும்பாலோர் மும்பையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருப்பவர்கள். அவர்கள் எதிர்த்தார்கள், இஸ்ரேலியத் தூதரகத்தார் பேசினார்கள், பத்திரிகைகள் எழுதின. சில நாட்களிலேயே உரிமையாளர் இறங்கிவந்தார். ஹிட்லர் போனார், கிராஸ் மட்டும் தங்கியது: ‘கிராஸ் கஃபே’. செய்தி அத்தோடு முடிந்தது. ஆனால் அந்தச் சில நாட்களில் கடைத்தரப்பு சொன்ன காரணம் இருக்கிறதே, அதுதான் எனக்கு வேண்டும். மற்றக் கடைகளிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும், ஒருமுறை கேட்டால் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பெயர் வேண்டும், அதற்காக வைத்தோம் என்றார்கள். ஹிட்லரைப் புகழும் எண்ணம் இல்லை என்றும் சொன்னார்கள். இரண்டையும் நான் அப்படியே நம்புகிறேன். இன்று நான் சொல்லப்போவது முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அவர்களை நாஜிகள் என்று குற்றம் சாட்டினால் விவாதம் சுலபமாக முடிந்துவிடும். அவர்கள் சொன்னதை மெய்யென்று எடுத்துக்கொண்டால்தான் உண்மையான சிக்கல் கண்ணில் படும்.

இதே காரணத்தை வேறு ஊர்களிலும் ஏறத்தாழ இதே சொற்களில் கேட்கலாம். 1999 இறுதியில் தைவானில், ஜெர்மனியில் செய்த அறைச் சூடேற்றி ஒன்றை விற்பதற்குக் கையை உயர்த்தி நிற்கும் ஹிட்லரின் கேலிச்சித்திரத்தைப் போட்டார்கள். குளிரின் மேல் போர் தொடுப்போம் என்பது விளம்பர வாசகம். ஹிட்லரைப் பார்த்த உடனே ஜெர்மனி நினைவுக்கு வரும், அதனால்தான் போட்டோம் என்றார்கள் விற்றவர்கள். 2013இல் பாங்காக்கில் ஒரு கோழி வறுவல் கடையின் பலகையில், கேஎஃப்சி தாத்தாவின் உடுப்புக்கு மேல் ஹிட்லரின் தலை இருந்தது. மும்பையில் 2007இல் ‘நாஜி கலெக்‌ஷன்’ என்ற பெயரில் படுக்கை விரிப்புகள் விற்பனைக்கு வந்தன. கேள்வி எழுந்தபோது, அது ‘நியூ அரைவல் ஜோன் ஃபார் இண்டியா’ என்பதன் சுருக்கம் என்று விளக்கம் வந்தது. (விளம்பரத் தாளில் ஸ்வஸ்திகம் எதற்கு என்ற கேள்விக்கு அந்தச் சுருக்கத்துக்குள் விடை இல்லை.) இவர்கள் யாரும் ஒரு கொள்கையைப் பரப்ப வந்தவர்கள் அல்லர். சூடேற்றியும் விரிப்பும் கோழியும் விற்க வந்தவர்கள்.

நம் பேச்சுவழக்கில் ‘பேர் எடுப்பது’ என்கிறோம். ஒரு மிட்டாய்க் கடையோ மெஸ்ஸோ பேர் எடுக்க ஒரு தலைமுறை ஆகும். சரக்கு ஒரேமாதிரி இருக்க வேண்டும், கல்லாவில் இருப்பவர் முகம் சுளிக்கக் கூடாது, மழைநாளிலும் கடை திறந்திருக்க வேண்டும். அத்தனைக்கும் பிறகுதான் பலகையில் இருக்கும் சொல்லுக்கு ஒரு விலை வருகிறது. சட்டம் வணிகக்குறி என்று காப்பாற்றுவதும் இப்படிச் சேர்த்த விலையைத்தான். இந்த உழைப்பையும் காலத்தையும் தாண்டிக் குதிக்க ஒரு வழி உண்டு: ஏற்கெனவே உலகம் முழுக்கத் தெரிந்த பெயரை எடுத்து மாட்டிக்கொள்வது. அப்படியானால் அந்தப் பெயரை உலகம் முழுக்கத் தெரியவைக்கச் செலவு செய்தவர் யார்? ஹிட்லர் என்ற ஓசை கார்கர் தெருவில் போகிறவரின் காலை ஒரு கணம் நிறுத்துகிறது என்றால், நிறுத்துவது அவர் இளமையில் வரைந்த நீர்வண்ண ஓவியங்களா? அறுபது லட்சம் யூதர்கள், லட்சக்கணக்கான ரோமா மக்கள், மனநலம் குன்றியவர்கள் என்று தேர்ந்தெடுத்துக் கொல்லப்பட்ட நோயாளிகள், பட்டினியில் சாகவிடப்பட்ட சோவியத் போர்க்கைதிகள் என்று அத்தனை பேரின் சாவு அந்த ஓசைக்குள் இருப்பதால்தான் அது காலை நிறுத்துகிறது. ‘பெயரை மட்டும்தான் எடுத்தேன், செயலை எடுக்கவில்லை’ என்ற வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. பெயருக்குள் விலைபோகிற சரக்கே அந்தச் செயல்தான். ஆகவே நான் முன்வைக்கும் அளவுகோல் ஒரு கழித்தல் கணக்கு. பெயரிலிருந்து கொடுமையைக் கழித்துப் பாருங்கள். கடைக்காரர் கையில் என்ன மிஞ்சுகிறது? கார்கரில் எதுவும் மிஞ்சாது. அப்படி எதுவும் மிஞ்சாத பெயர், செத்தவர்களின் மூலதனத்தை அவர்களைக் கேட்காமல் எடுத்து நடத்தும் வியாபாரம்.

முதல் மறுப்பு, தெரியாமல் வைத்துவிட்டார்கள் என்பது. இதை இளக்காரமாக ஒதுக்கிவிட முடியாது. 2012இல் அகமதாபாத்தின் வஸ்திராபூர் பகுதியில் ‘ஹிட்லர்’ என்ற பெயரில் ஆண்கள் துணிக்கடை ஒன்று திறந்தபோது, பங்குதாரர் ஒருவருடைய தாத்தாவின் பட்டப்பெயர் அது, கண்டிப்பானவர் என்பதால் வீட்டில் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று விளக்கினார்கள். நம்ப முடியாத விளக்கமா? தமிழ் வீடுகளில் கண்டிப்பான அப்பாவுக்கும் கணக்கு வாத்தியாருக்கும் இதே பட்டம்தானே கிடைக்கிறது. 1982இல் சிவாஜி கணேசன் நடித்து ‘ஹிட்லர் உமாநாத்’ வந்தது. 1996இல் மலையாளத்தில் மம்மூட்டியின் ‘ஹிட்லர்’ வந்தது; தங்கைகளை அடக்கிக் காக்கும் அண்ணனின் கதை; அது தெலுங்குக்கும் தமிழுக்கும் போனது. 2011இல் ஓர் இந்தித் தொடருக்கு ‘ஹிட்லர் தீதி’ என்று பெயர். கடல் கடந்து வந்த சொல் நம்மிடையே தேய்ந்து தேய்ந்து ‘அதட்டுகிறவர்’ என்ற பொருளுக்கு வந்து நின்றுவிட்டது. வீட்டுக்குள் அந்தச் சொல் உலவுவதை யாரும் தடுக்கப் போவதில்லை; தடுக்கவும் முடியாது. ஆனால் அகமதாபாத் பலகையில் ஒரு சிறு விவரம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய ஹிட்லர் என்ற சொல்லில் ‘ஐ’ எழுத்தின் புள்ளிக்குள் ஸ்வஸ்திகம் வரைந்திருந்தார்கள். தாத்தாவின் பட்டப்பெயரில் அந்தப் புள்ளி கிடையாது. தீபாவளிக்குப் புதுக் கணக்குப் புத்தகத்தில் மங்கலமாக ஸ்வஸ்திகம் போட்டு வியாபாரம் தொடங்கும் மாநிலம் குஜராத்; அந்தக் குறியை யாரிடமிருந்தும் அவர்கள் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஹிட்லர் என்ற பெயரின் மேல் அதைக் குத்தியபோது அது கணக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, பெர்லினிலிருந்து வந்தது. படம் வரைந்தவருக்கு எது விற்கும் என்று தெரிந்திருக்கிறது. பெயரை மாற்றச் சொன்னபோது, பலகைக்கும் அச்சடித்த அட்டைகளுக்கும் செலவான ஒன்றரை லட்ச ரூபாயை யாராவது கொடுத்தால் மாற்றுகிறோம் என்று பதில் வந்தது. பெயரின் விலை இவ்வளவு என்று கடைக்காரரே சீட்டுப் போட்டுச் சொன்ன இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அறியாமைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. 2004 வாக்கில் குஜராத் மாநிலப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூல், நாஜி ஆட்சியின் ‘உள்நாட்டுச் சாதனைகள்’ என்று தலைப்பிட்டு எழுதியது சர்ச்சையானது. அதற்கும் முன்பிருந்தே, பிரிட்டிஷ்காரனின் எதிரி நமக்கு நண்பன் என்ற கணக்கு நாடெங்கும் இருக்கிறது. 1942 மே 29 அன்று சுபாஷ் சந்திர போஸ் ஹிட்லரைச் சந்தித்தது இந்தக் கணக்குக்குச் சான்றாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. காட்டுகிறவர்கள் ஹிட்லரின் நூலில் இந்தியாவைப் பற்றிய பக்கங்களைப் பார்ப்பதில்லை. இந்திய விடுதலைப் போராளிகளை அவர் அதில் ஏளனம் செய்கிறார். வேறெந்த ஆட்சியைக் காட்டிலும் இந்தியா பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருப்பதே தமக்கு உகப்பு என்ற கருத்தை எழுதி வைத்திருக்கிறார். நட்புக் கணக்கின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் பற்று எழுதியிருக்கிறோம்.

இதன் நீட்சியாக இன்னொரு மறுப்பு வரும்: அது எங்கோ ஐரோப்பாவில் நடந்தது, நமக்கென்ன? தொலைவுதான் இந்தப் பெயர்களை வணிகத்துக்கு ஏற்றவையாக்குகிறது என்பது உண்மை. பயம் தெரியவேண்டும், வலி தெரியக் கூடாது. அந்த அளவுக்கு எட்டத்தில் இருக்க வேண்டும். ஆனால் நாம் நினைக்கும் எட்டம் மெய்யா? அகமதாபாத்தில் 1934இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. அந்தத் துணிக்கடை திறந்தது அதே ஊரில். பல்லாண்டுகள் காலையில் நம் வீட்டு வானொலிகளில் ஒலித்த ஆகாசவாணியின் அடையாள இசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. நாஜிகளின் காலத்தில் ஐரோப்பாவை விட்டு மும்பைக்கு வந்து சேர்ந்த யூதர் அவர். அந்தத் தம்பூரா ஒலியையும் வயலினையும் கேட்டு எழுந்தவர்கள், ஹிட்லர் விரட்டிய ஒருவரின் கைவேலையைக் கேட்டுத்தான் பல் தேய்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம். வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் அவர்கள் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டார்கள். காஞ்சிபுரம் பகுதியிலிருந்து போன மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோவில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தார். ஒரு வெடி கிளம்பிவிட்டது என்று தெரிந்ததும், கூட இருந்தவர்களைக் காக்கத் தன் உடம்பையே அதன்மேல் போட்டார். அவருக்கு இறப்புக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. கார்கர் கடையின் பலகையிலும் ஒரு கிராஸ் இருந்தது. வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை; ஆனால் ‘நமக்கென்ன’ என்று கேட்பதற்குமுன் தெரிந்துகொள்ளலாம்.

இனி, என் கழித்தல் கணக்கையே சோதிக்கும் ஓர் உதாரணத்துக்கு வருகிறேன். நம்மூர்க் குடிமக்களுக்கு ‘ஓல்ட் மங்க்’ ரம்மை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1954இல் அது சந்தைக்கு வந்தபோது அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் டயர் மீக்கின். அந்த டயர், எட்வர்ட் டயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கசௌலி மலையில் பீர் ஆலை போட்டவர். அவருடைய மகன்தான் 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் சுடச்சொன்ன ரெஜினால்ட் டயர். 1,650 தோட்டாக்கள், அரசுக் கணக்கிலேயே 379 பேர் இறந்தார்கள், மக்கள் சொன்ன கணக்கு இதைவிட மிகப் பெரிது. நாடு விடுதலை பெற்று, 1949இல் ஆலை நரேந்திர நாத் மோகன் கைக்கு வந்த பிறகும் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் டயர் பெயர் புட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1960களின் பிற்பாதியில்தான் மோகன் மீக்கின் என்று மாறியது. ஹிட்லர் கடையை எதிர்க்கிறவர் இந்தப் பதினேழு ஆண்டுகளுக்கு என்ன பதில் சொல்வார்? கழித்துப் பார்க்கலாம். டயர் மீக்கினிலிருந்து ஜாலியன்வாலா பாக்கைக் கழித்தால் மலையாலை மிஞ்சுகிறது, பீர் மிஞ்சுகிறது, சுடுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எடுத்த பேர் மிஞ்சுகிறது. எந்தக் குடிமகனும் படுகொலையை நினைத்து அந்தப் புட்டியைக் கேட்டு வாங்கவில்லை. பெயர் பரம்பரையாக வந்தது. கொடுமை பின்னால் வந்து அதன்மேல் படிந்தது. அதனால் மாற்றியது தவறு என்றாகாது, மாற்றியது நாகரிகம். மாற்றாமல் இருந்த காலத்தைக் கார்கரோடு சேர்த்து வைப்பதுதான் பிழை. ஹியூகோ பாஸ் உடைகளுக்கும் இதே விசாரணையை நடத்தலாம். நிறுவனர் 1931இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். ஆலையில் நாஜிப் படைக்குச் சீருடை தைத்தார்கள். கட்டாயத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கினார்கள். 2011இல் நிறுவனம் அதற்காக வருத்தம் தெரிவித்தது. அங்கே பெயரைவிடச் செய்த காரியம்தான் வழக்கு. அந்த வழக்குக்குத் தீர்வு பலகையில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. நேர்மாறாக, இன்று யாராவது அமிர்தசரஸில் ‘ஜெனரல் டயர்’ என்று துப்பாக்கிப் படத்தோடு பார் திறந்தால், கழித்தபின் நாற்காலிகூட மிஞ்சாது.

இன்னும் கடினமான மறுப்பு இது: மேற்குலகம் அழுத பெயர்களை மட்டும்தானே தீண்டக்கூடாதவை என்கிறீர்கள், எங்களைக் கொன்றவர்களின் பெயர்கள் அங்கே மதுக்கடைகளில் தொங்குகின்றனவே? நியாயமான கோபம். 1943 வங்கப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் முப்பது லட்சம்; அப்போது பிரிட்டனின் பிரதமர் சர்ச்சில். அவர் பெயரில் லண்டனில் பழைமையான பப் இருக்கிறது, சுருட்டு அளவுக்கு அவர் பெயர் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர் கழித்தால் அவருக்குப் போர்க்காலத் தலைவர் மிஞ்சுவார். வங்காளி கழித்தால் என்ன மிஞ்சும் என்பது வேறு கணக்கு. கழிப்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு தவறு நடக்கிறது என்பதால் இன்னொன்றுக்கு உரிமம் கிடைத்துவிடாது. அளவுகோல் சரியென்றால் அதை அங்கேயும் நீட்ட வேண்டும் என்பதே பொருள். நம் பக்கத்துக்கு நெருக்கமான சோதனை லண்டனின் கன்டியூட் தெருவில் இருந்தது. 1874இல் கலைக்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரை மும்பையில் பிறந்த தொழிலதிபர் சஞ்சீவ் மேத்தா வாங்கி, 2010இல் அங்கே தேயிலையும் சாக்லேட்டும் விற்கும் கடை திறந்தார். நம்மை ஆண்ட கம்பெனியை நம்மவர் ஒருவர் சொந்தமாக்கினார் என்று இந்தியப் பத்திரிகைகள் மகிழ்ந்தன. மகிழ்ச்சி புரிகிறது, எனக்கு அதில் பங்கில்லை. 1770 வங்கப் பஞ்சத்தில் இறந்தவர்கள் ஒரு கோடி வரை என்பது பழைய மதிப்பீடு. 1799இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதும் இந்தக் கம்பெனிதான். பெயரை வாங்கியவர் மும்பைக்காரர் என்பதால் கயத்தாறின் சம்மதம் அதோடு சேர்ந்து விற்பனையாகவில்லை. ஆனாலும் கார்கருக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. கம்பெனியிலிருந்து கொடுமையைக் கழித்தால் மிளகும் தேயிலையும் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்கின்றன. கொஞ்சம்தான், தேயிலைப் பெட்டியின்மேல் ஏறும் அந்தப் பேரரசுப் பளபளப்பு மிளகால் வந்ததில்லை.

சட்டம் இதில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் காந்தி, நேரு, சிவாஜி போன்ற பெயர்களை வணிகத்துக்கு எடுக்கக் கூடாது என்கிறது. மதிக்கப்படுகிறவர்களின் பெயர்களுக்கு வேலி போட்டிருக்கிறோம்; கொன்றவர்களின் பெயர்களுக்கு அப்படிப் பட்டியல் எதுவும் இல்லை. 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் மத உணர்வைப் புண்படுத்துபவை, அருவருப்பானவை, ஆபாசமானவை ஆகியவற்றுக்குப் பதிவு மறுக்கிறது. நாம் பேசும் பெயர்கள் அதற்குள் அடங்குமா என்பது வாதத்துக்குரியது. ஐரோப்பா இதில் கூடுதல் தெளிவோடு போயிருக்கிறது. கொலம்பியப் போதைக் கடத்தல்காரன் பாப்லோ எஸ்கோபாரின் பெயரை வணிகக்குறியாகப் பதிய ஒரு நிறுவனம் 2021இல் விண்ணப்பித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிகக்குறி அலுவலகம் மறுத்தது, 2024 ஏப்ரல் 17 அன்று லக்சம்பர்க்கில் பொது நீதிமன்றம் அந்த மறுப்பை உறுதிசெய்தது. விண்ணப்பித்தவர்கள் வைத்த வாதங்கள் சுவையானவை: அவன் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை, பானி அண்ட் கிளைட், அல் கபோன் பெயர்கள் பதிவாகியிருக்கின்றனவே? நீதிமன்றம் கேட்டது வேறு கேள்வி: அந்தப் பெயரைக் கேட்கும் சாதாரண மனிதனின் மனத்தில் என்ன எழுகிறது? போதை, கொலை, அவற்றின் துன்பம். இதற்கு முன், 2018இல், ஸ்பெயினின் ஓர் உணவகச் சங்கிலி வைத்திருந்த ‘மாஃபியா மேசையில் அமர்கிறது’ என்று பொருள்படும் குறியை இத்தாலி அரசு எதிர்த்து வென்றது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் இன்பத்தோடு அந்தச் சொல்லைச் சேர்ப்பது குற்றத்தை அற்பமாக்குகிறது என்பது அங்கே எடுபட்ட வாதம். இந்த ஐரோப்பியத் தீர்ப்புகளில் நான் மதிக்கும் நுட்பம், பதிவு மறுப்பு தடை ஆகாது என்பது. யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொத்தாக்கித் தர அரசு தன் முத்திரையைக் கொடுக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் இதற்கு எதிர்த்திசையில் போய், இழிவுபடுத்தும் குறிகளுக்குப் பதிவு மறுக்கும் விதியே பேச்சுரிமைக்கு முரண் என்று அடித்தது. பேச்சுரிமைக் கவலையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு எந்தப் பெயர் ‘புண்படுத்துகிறது’ என்று எந்த அரசு சொல்லும் என்பது நம் நாட்டில் நியாயமான அச்சம். ஆகவே பலகையை இறக்கப் போலீஸை அனுப்பும் சட்டம் எனக்கு வேண்டாம். முத்திரை கொடுக்காத அரசு போதும்.

எதிர்ப்பே விளம்பரமாகிவிடுகிறது என்கிறார்கள். ஆகிறதுதான். இந்தோனேசியாவின் பாண்டுங்கில் நாஜிப் படங்களோடு 2011இல் திறந்த ‘சோல்டாட்டன்காஃபே’, 2013இல் உலகச் செய்தியாகி மூடியது. அடுத்த ஆண்டே மறுபடி திறந்தது. இத்தாலியின் உதினே பகுதியில் ஒரு மதுவாலை 1995 முதல் ஹிட்லர், முசோலினி, ஸ்டாலின் படங்களை ஒட்டி ஒயின் விற்றது. ஜெர்மனியின் நீதித்துறை அமைச்சர் 2003இல் கண்டித்தார், விற்பனை நிற்கவில்லை. சுற்றுலா வந்தவர்கள் விளையாட்டுப் பொருளாக வாங்கிப்போனார்கள். விற்பனை தொடங்கிக் கால் நூற்றாண்டு கழித்து, 2022இல், ஆலையே அந்த முகச்சீட்டுகளை விடப்போவதாக அறிவித்தது. இதிலிருந்து எதிர்க்காமல் இருந்துவிடலாம் என்று நான் முடிவெடுக்கவில்லை. கூச்சல் கடைக்காரருக்குக் கூட்டம் சேர்க்கிறது. அச்சடிப்பவரும் இடம் வாடகைக்கு விடுகிறவரும் சரக்கு எடுத்து அடுக்குகிறவரும் அமைதியாக ‘வேண்டாம்’ என்றால் அந்தக் கூட்டம் வர வழியில்லை.

மறக்கச் சொல்கிறீர்களா என்பது கடைசி மறுப்பு. எஸ்கோபார் வாழ்ந்த மெதயீன் நகரத்தில் அவனுடைய ‘மொனாக்கோ’ அடுக்குமாடிக் கட்டடத்தை 2019 பிப்ரவரி 22 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில விநாடிகளில் ஏழெட்டு மாடியும் புழுதி. அந்த இடத்தில் எழுந்த நினைவிடம் 1983 முதல் 1994 வரை அழிந்த 46,612 உயிர்களைக் குறிக்கிறது. அதே நகரத்தில் அவன் முகம் போட்ட பனியன்களும் குவளைகளும் விற்கிறார்கள். விற்கிறவர்களில் பலர் அவன் காலத்து வன்முறையால் நொறுங்கிய ஏழைப் பேட்டைக்காரர்கள். அந்த விற்பனைக்குத் தடை கேட்டு 2024இல் அவர்கள் நாட்டு நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. இழந்தவர்களே விற்கும்போது நாம் யார் கேட்க? அவர்களிடம் கேட்க எனக்கு வாயில்லை. சிங்கப்பூரில் 2018இல் ‘எஸ்கோபார்’ என்று பார் திறந்தவர்களிடம் கேட்கலாம். கொலம்பியத் தூதரகம் கேட்கவும் செய்தது. நினைவிடமும் பனியனும் ஒரே பெயரைத்தான் சொல்கின்றன; ஒன்று எண்ணிக்கையைச் சொல்கிறது, மற்றது அதை மறைக்கிறது.

பெயரைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்பதற்கு ஒரே ஒரு வழக்கைச் சொல்லி நிறுத்துகிறேன். அது எதிர்த்திசையிலிருந்து வருவது. கொன்றவனின் பெயரை எடுத்த கதை இதில்லை, கொல்லப்பட்டவரின் பெயரை எடுத்த கதை. 1992இல் அமெரிக்காவில் ‘கிரேஸி ஹார்ஸ்’ என்று மால்ட் மது ஒன்று வந்தது. கிரேஸி ஹார்ஸ், 1877இல் ராணுவக் காவலில் குத்திக் கொல்லப்பட்ட லகோட்டாப் பழங்குடித் தலைவர். மதுவைத் தம் மக்களுக்கு வந்த கேடு என்று எதிர்த்தவர். அவர் தம்மைப் படம் எடுக்க விட்டதில்லை என்பார்கள். புட்டியில் இருந்தது இறகுத் தலைப்பாகை வைத்த ஏதோ ஒரு முகம். நாடாளுமன்றம் அந்தப் பெயரைத் தடுக்கச் சட்டம் போட்டது. 1993இல் நீதிமன்றம் பேச்சுரிமையைக் காட்டி அதை அடித்துத் தள்ளியது. பிறகு அவருடைய வழித்தோன்றல்கள் ரோஸ்பட் பழங்குடி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். காசாக மட்டும் கேட்கவில்லை. லகோட்டா முறைப்படி கேட்டார்கள். தயாரிப்பை ஏற்றிருந்த ஸ்ட்ரோ நிறுவனம் 2001இல் சமரசத்துக்கு வந்தது. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கடிதத்தோடு ரோஸ்பட்டுக்கே போனார். கொண்டுபோனவை: 32 கம்பளிப் போர்வைகள், 32 புகையிலைத் திருகல்கள், 32 நறுமணப் புல் சடைகள், ஏழு பந்தயக் குதிரைகள். குதிரைகள் ரோஸ்பட்டில் தங்கிவிட்டன. கார்கரில் கிராஸ் தங்கியதுபோல் இங்கே கிரேஸி தங்கியது. மது, சில ஆண்டுகளில், ‘கிரேஸி ஸ்டாலியன்’ என்ற பெயரில் கடைகளில் இருந்தது.